பட்டாளப் படங்களில் பெயர்கள்: சித்தூர் – திருப்பதிப் பகுதிச் சிப்பாய்களை இனங்காண்பதில் எழுத்துப்பெயர்ப்பின் பங்கு

1. முன்னுரை

பிரிட்டானியர் ஆட்சிக்காலத்து இந்தியப் படைப்பிரிவுகளின் குழுப் புகைப்படங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டவை. நடுவில் நாற்காலிகளில் ஆங்கிலேய அதிகாரிகள் அமர்ந்திருப்பர். அவர்களுக்கு இருபுறமும் அல்லது பின்வரிசையில் சுபேதார்களும் ஜமேதார்களும் இருப்பர். அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோர் பின்னே நின்றும் முன்னே தரையில் அமர்ந்தும் காணப்படுவர். படத்தின் அடியில் எழுதப்பெறும் குறிப்பில் ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் பெயர், தலைப்பெழுத்து, பதவி ஆகியவற்றோடு சுட்டப்படுவர். இந்தியரோ 'சுதேச அதிகாரிகள்' என்னும் தொகைச்சொல்லால் சுட்டப்படுவர். சிலவேளைகளில் மட்டும் உரோமன் எழுத்தில் அமைந்த ஒற்றைப் பெயரால் குறிக்கப்படுவர். படம் எடுக்கப்பட்ட நாளில் எல்லோருக்கும் ஒரே ஒளிதான் கிடைத்தது. குறிப்பு எழுதப்பட்டபோதுதான் வேறுபாடு புகுந்தது.

இத்தகைய படங்களில் உள்ள இந்தியச் சிப்பாய்களை இனங்காணும் முயற்சி வரலாற்றாசிரியர்க்கும் சீருடை ஆய்வாளர்க்கும் உரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆனால் அம்முயற்சியின் நடுப்பகுதி மொழியியல் சார்ந்தது. தமிழ் அல்லது தெலுங்குப் பெயர் ஒன்று எழுத்தரின் செவி வழியாக ஆங்கில நெடுங்கணக்கில் பதிந்து, நூறாண்டுக்குப் பின் மீண்டும் தமிழ் எழுத்துக்குத் திரும்பும்போது நேரும் மாற்றங்களே ஒருவரை அடையாளப்படுத்தவும் செய்கின்றன, தொலைக்கவும் செய்கின்றன. இரு மொழிகளும் கலந்து வழங்கும் சித்தூர் – திருப்பதிப் பகுதியை எடுத்துக்கொண்டு, மதராஸ் படைப்பிரிவுகளின் படக்குறிப்புகளை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதையும், எவ்விடத்தில் முடிவு கூறாது நிறுத்த வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. படத்தின் காலத்தை அறிதல்

பெயரைப் படிப்பதற்கு முன் படத்தின் காலத்தையும் படைப்பிரிவையும் உறுதிசெய்தல் வேண்டும். தலைப்பாகையிலோ தோள்பட்டையிலோ காணப்படும் எண் இதற்கு முதற்சான்று. 1903ஆம் ஆண்டு கிச்சனர் பிரபுவின் சீரமைப்பில் இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் ஒரே தொடர் எண்வரிசையில் கொண்டுவரப்பட்டபோது, மதராஸ் காலாட்படைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. இதன்படி 13ஆம் மதராஸ் காலாட்படை 73ஆம் கர்நாடகக் காலாட்படை ஆயிற்று. 3ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 63ஆம் எண்ணைப் பெற்றது. 23ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை 83ஆம் எண்ணைப் பெற்றது. இங்குக் 'கர்நாடகம்' என்பது இன்றைய மாநிலத்தைக் குறிப்பதன்று. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்டிருந்த கிழக்குச் சமவெளியைக் குறிப்பது. மொழிபெயர்ப்பாளர் இதனைக் கன்னட நாட்டுப் படையென மயங்கிவிடக் கூடாது.

இவ்விதி எண்ணுக்குப் பொருந்துமேயன்றி ஆட்களுக்குப் பொருந்தாது. 2ஆம் மதராஸ் காலாட்படையின் வழிவந்த பிரிவு 1903இல் '62ஆம் பஞ்சாபியர்' எனப் பெயர் பெற்றது. எண்ணின் மரபு சென்னையைச் சேர்ந்தது. ஆட்களோ வடமேற்கிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும் பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற கருத்தை வலியுறுத்தியவர். அக்கருத்தின் விளைவாகத் தென்னாட்டவரின் இடம் படிப்படியாகச் சுருங்கியது. எனவே 1903க்குப் பின்னைய படம் ஒன்றில் 60க்கும் 95க்கும் இடைப்பட்ட எண்ணைக் கண்டவுடன் அதில் உள்ளோர் தமிழரோ தெலுங்கரோ என்று கொள்ளுதல் பொருந்தாது.

குறிப்பில் வரும் சொற்களும் காலங்காட்டுவன. படைப்பிரிவின் பெயரில் 'சுதேச' என்னும் அடை 1885இல் நீக்கப்பட்டது. தனி மதராஸ் படை என்னும் அமைப்பு 1895 ஏப்ரல் 1ஆம் நாளோடு முடிவுற்றது. 'சுதேச அதிகாரி' என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டில் 'இந்திய அதிகாரி' என மாறியது. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் 1920களில் கலைக்கப்பட்டு, 1941இல் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. இடைக்காலத்திலும் தொடர்ந்து நிலைபெற்றவர்கள் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள். உருளை வடிவத் தலையணியும், 'தம்பி' என்னும் செல்லப்பெயரும் இவர்களுக்கு உரியவை.

நிறத்தை வைத்து முடிவு கூறுவதில் எச்சரிக்கை தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பைச் சிறிதும் ஏற்காமலும் பதிவு செய்தவை. ஆகவே செந்நிறச் சட்டை கறுப்பாகவும் நீலத்துணி வெளிறியும் தோன்றும். படம் இடம் வலமாகப் புரட்டி அச்சிடப்பட்டுள்ளதா என்பதையும் காண வேண்டும். பதக்கங்கள் அணிபவரின் இடப்புற மார்பில், அதாவது பார்ப்பவரின் வலப்புறத்தில், அமைந்திருத்தல் இயல்பு. அவை மாறித் தோன்றினால் 'இடமிருந்து வலமாக' என எழுதப்பட்ட பெயர்வரிசை முழுவதும் தலைகீழாகப் பொருந்திவிடும்.

3. பதவிப்பெயரும் இயற்பெயரும்

படக்குறிப்பில் வரும் எல்லாச் சொற்களும் பெயர்கள் அல்ல. சுபேதார், ஜமேதார், அவில்தார் ஆகியன பாரசீகச் சொல்லாக்க வழியில் வந்த பதவிப்பெயர்கள். இவற்றில் மயக்கம் குறைவு. மயக்கம் தருவது 'நாயக்' என்னும் சொல். தலைவன் என்னும் பொருளுடைய நாயக என்பதிலிருந்து பிறந்த இச்சொல் தென்னாட்டில் நாயக்கர் என்னும் பட்டப்பெயராகவும், படையில் அவில்தாருக்குக் கீழ்ப்பட்ட சிறு பதவியின் பெயராகவும் வழங்கியது. யூல், பர்னெல் ஆகியோரின் ஹாப்சன்–ஜாப்சன் அகராதியும் (1886) இப்பொருள்களைப் பிரித்தே காட்டுகிறது. பழைய ஆவணங்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே எழுத்துக்கூட்டலில் வருவதுண்டு.

சான்றாக, 'நாயக் ராமசாமி' என்பதும் 'ராமசாமி நாயக்' என்பதும் ஒன்றல்ல. படைக்குறிப்புகளில் பதவி பெயருக்கு முன்னும், சாதிப்பட்டம் பெயருக்குப் பின்னும் நிற்பது பொதுவழக்கு. முதலாவது வடிவம் ஒரு பதவியைச் சுட்டுகிறது. இரண்டாவது ஒரு சமூகப் பட்டத்தைச் சுட்டக்கூடும். இதனைப் படத்திலேயே சரிபார்க்கலாம். நாயக் பதவியினர் கையில் இரண்டு கோணப்பட்டைகளும், அவில்தார் மூன்று பட்டைகளும் அணிவர். பட்டையில்லாத கையோடு நிற்பவரின் பெயருக்குப் பின் 'நாயக்' என வருமாயின் அது பதவி அன்று.

இதனைப் போன்றதே 'பகதூர்' என்னும் சொல். 1837இல் ஏற்படுத்தப்பட்ட பிரிட்டானிய இந்திய விருதைப் பெற்ற இந்திய அதிகாரிகள் முதல் வகுப்பில் 'சர்தார் பகதூர்' என்றும், இரண்டாம் வகுப்பில் 'பகதூர்' என்றும் வழங்கப்பட்டனர். இவ்விருது கழுத்தில் நாடாவோடு அணியப்படுவது. குறிப்பில் பகதூர் என்றும் படத்தில் கழுத்துப்பதக்கம் ஒன்றும் காணப்படின், அவ்விரண்டையும் இணைத்து ஒருவரை உறுதிசெய்ய வாய்ப்புண்டு. பகதூர் என்பதனை இயற்பெயரின் பகுதியாகக் கொண்டு, அவரை வடநாட்டவர் எனவோ இசுலாமியர் எனவோ கருதுவது பிழை.

'சுதேச அதிகாரி' என்பதை வெறுமனே 'அதிகாரி' என மொழிபெயர்ப்பதும் வரலாற்றை மறைக்கும். சுபேதார் நீண்டகாலப் பணிக்குப் பின் அப்பதவியை அடைந்தவராயினும், புதிதாக வந்த இளம் ஆங்கிலேய அதிகாரிக்கும் கீழ்ப்பட்டவரே. நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார், யார் பின்னே நிற்கிறார் என்பதற்கு இப்படிநிலையே காரணம். அடைமொழியை நீக்கிவிட்டால் படத்தின் அமைப்பே விளங்காமல் போகும்.

4. செவிவழி எழுத்துக்கூட்டல்

சிப்பாயின் பெயரை எழுதியவர் சிப்பாய் அல்லர். படைப்பிரிவு எழுத்தர் தம் காதில் விழுந்ததைத் தமக்குப் பழகிய முறையில் எழுதினார். உரோமன் எழுத்தில் இந்தியப் பெயர்களை எழுதுவதற்கு இரு மரபுகள் இருந்தன. வில்லியம் ஜோன்ஸ் 1788இல் வெளியிட்ட முறையில் குற்றுயிர் அகரம் 'ஏ' எழுத்தாலும் உகரம் 'யூ' எழுத்தாலும் குறிக்கப்பட்டன. கில்கிறைஸ்டின் முறையில் அகரத்துக்கு 'யூ', உகரத்துக்கு இரட்டை 'ஓ', ஈகாரத்துக்கு இரட்டை 'ஈ' எனப் பெரும்பாலும் ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றினர். 1870களில் ஹன்டரின் முறை அரசு வெளியீடுகளில் இடம்பெற்ற பின்னும், பட்டாளத்து வழக்கில் பழைய முறையே நெடுங்காலம் நீடித்தது.

இதனை அறியாமல் எழுத்தெண்ணிப் படித்தால் விளைவது விபரீதம். கந்தசாமி என்னும் பெயரின் முதல் அகரம் 'யூ' எழுத்தால் குறிக்கப்பட்டிருக்க, அது 'குண்டசாமி' எனப் படிக்கப்படும். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆவார்; வேங்கடாசலம் 'வெங்கடசெல்லம்' ஆவார்; பழனி 'புல்னி' ஆவார். இவை தமிழில் இல்லாத மனிதர்களின் பெயர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இவ்வாறு எழுதிய நொடியில், அப்பெயருடைய சிப்பாயைத் தேடிவரும் குடும்பத்திற்கு அவர் என்றும் அகப்படாதவராகிவிடுகிறார்.

எனவே எழுத்துக்கூட்டலைத் தனிப்பெயர் அளவில் படிக்காமல், ஒரே ஆவணத்தில் வரும் எல்லாப் பெயர்களையும் ஒருங்கே வைத்து எழுத்தரின் முறையைக் கண்டறிதல் வேண்டும். சாமி என்பதன் நெடில் ஆகாரத்தை 'ஏ', 'டபிள்யூ' என இரண்டு எழுத்துகளால் எழுதுபவர் ஏனைய ஆகாரங்களையும் அவ்வாறே எழுதுகிறாரா? இரட்டை மெய்களைக் காட்டுகிறாரா? ரகர றகரங்களையும், லகர ளகர ழகரங்களையும் ஒரே எழுத்தில் அடக்குகிறாரா? தமிழில் மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கிடையிலும் வரும் வல்லினத்தின் ஒலிப்பு மாற்றத்தைக் கேட்டபடி எழுதுகிறாரா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே ஐயத்திற்குரிய பெயர்களுக்குச் செல்லுதல் முறை.

5. தமிழ்ப்பெயரா, தெலுங்குப்பெயரா

சித்தூர் – திருப்பதிப் பகுதியில் எழும் தனிச்சிக்கல் இதுவே. இப்பகுதியில் ஒரே தெருவில் இரு மொழியினரும் வாழ்வதும், ஒருவரே இரு மொழிகளையும் பேசுவதும் இயல்பு. திருவேங்கடமுடையானின் பெயரால் அமைந்த வேங்கடசாமி, சீனிவாசன், கோவிந்தன் போன்ற பெயர்களும், முனுசாமி, கங்காதரன், எல்லப்பன் போன்ற பெயர்களும் இரு மொழியினர்க்கும் பொதுவானவை. இத்தகைய பெயர்களைப் பொதுப்பெயர்கள் எனவும், ஒரு மொழிக்கே உரிய சொற்களால் அமைந்தவற்றைச் சுட்டுப்பெயர்கள் எனவும் பகுத்துக்கொள்ளலாம்.

சுட்டுப்பெயருக்குச் சிறந்த சான்று திருமலையின் ஏழு மலைகளாலேயே கிடைக்கிறது. தமிழர் ஏழுமலை எனப் பெயரிடுவர். தெலுங்கர் ஏடுகொண்டலு என்பர். தெய்வம் ஒன்று, பொருள் ஒன்று. சொல் மட்டும் வேறு. குறிப்பில் இவற்றுள் எது வந்தாலும் பெயரிட்ட மரபின் மொழி தெளிவாகும். அவ்வாறே பெரியசாமி தமிழ், பெத்தன்ன தெலுங்கு. சின்னத்தம்பி என்பதில் 'சின்ன' இரு மொழிக்கும் பொது. 'தம்பி' என்பதே அதனைத் தமிழாக்குகிறது. ஏனெனில் தெலுங்கில் அவ்வுறவு 'தம்முடு'. எனவே 'சின்ன' எனத் தொடங்கும் பெயர்களை முன்னொட்டை வைத்து முடிவு செய்ய இயலாது; பின்வரும் சொல்லே தீர்ப்பளிக்கும்.

போலி ஒற்றுமைகளும் உள. 'நல்ல' என்னும் அடை தமிழில் நன்மையையும் தெலுங்கில் கருமையையும் குறிக்கும். நல்லப்ப என்ற வடிவம் தமிழ்க் குடும்பத்தில் ஒரு பொருளோடும் தெலுங்குக் குடும்பத்தில் வேறொரு பொருளோடும் இடப்பட்டிருக்கலாம். நல்லதம்பி எனின் ஐயமில்லை. மொழி முதல் எகரத்திற்கு முன் யகர உடம்படுமெய் ஒலிப்பது இரு மொழிப் பேச்சிலும் உண்டு. ஆதலால் எல்லப்பன் என்பது யகரத்தோடு எழுதப்பட்டிருப்பது தெலுங்கு என்பதற்குச் சான்றாகாது.

பெயரின் ஈறு ஓரளவு துணைபுரியும். எழுத்தர்கள் தமிழின் அன் ஈற்றைப் பெரும்பாலும் 'என்' என எழுதினர். வீரன், முருகன் ஆகியோர் 'வீரென்', 'மூர்கென்' எனத் தோன்றுவர். அய்ய, அப்ப, அன்ன என உயிரீறாக முடிவனவும், ராமுலு, சீதாராமுலு என மரியாதைப் பன்மை 'லு' ஈறு பெறுவனவும் தெலுங்கு மரபின. ஆயினும் இவை பெயரிட்ட மரபையே காட்டுவன. பெயருக்குரியவர் வீட்டில் பேசிய மொழியை அல்ல. தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாக வாழும் தெலுங்கு மரபுக் குடும்பங்களில் 'லு' ஈற்றுப் பெயர்கள் இன்றும் உள்ளன.

படையில் பதிவான 'வகுப்பு' இதனைத் தீர்த்துவைக்குமெனக் கருதுவதும் பொருந்தாது. மதராஸ் படையில் தமிழர், தெலுங்கர், முசல்மான்கள், பறையர், கிறித்தவர் என்னும் வகைப்பாடு வழங்கியது. மொழி, சமயம், சாதி ஆகிய மூன்று அளவுகோல்களும் இதில் குழம்பிக் கிடக்கின்றன. கிறித்தவர் எனப் பதிவானவர் தமிழர் அல்லர் என்பதன்று. தாழ்த்தப்பட்டோர் எனப் பதிவானவர்க்கு மொழியே குறிக்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெலுங்கர் சேர்க்கை சுருக்கப்பட்ட சூழலில், இருமொழியாளர் ஒருவர் தம்மை எவ்வாறு பதிவு செய்துகொண்டார் என்பது வேலைவாய்ப்பையும் பொறுத்ததாகும். மேலும் 1922இல் சென்னை அரசு பழைய சாதிப்பெயர்களுக்கு ஈடாக ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்களை ஏற்றது. படையேட்டில் ஒரே சொல்லால் குறிக்கப்பட்ட இரு சிப்பாய்களின் வழியினர் பின்னர் இவ்விரு வேறு பெயர்களில் பதிவு பெற்றிருக்கக்கூடும். பழைய சொல்லை இன்றைய சொல்லால் மாற்றி எழுதுபவர் அறியாமலேயே மொழித்தீர்ப்பு ஒன்றையும் வழங்கிவிடுகிறார்.

6. ஊரும் மாவட்டமும்

பெயர் ஐயமளிக்கும் இடத்தில் ஊர் துணைசெய்யும். ஆனால் ஊர்ப்பெயரும் அதே எழுத்தரின் கையால் எழுதப்பட்டதே. திருப்பதி பழைய ஆங்கில ஏடுகளில் 'திரிபெட்டி' எனவும், மதனபள்ளி 'முத்னபில்லி' எனவும் படிக்கத்தக்க வடிவங்களில் வரும். சித்தூர் என்பதோ மும்மடங்கு ஐயம் தருவது. சிற்றூர் என்பதன் திரிபாகக் கொள்ளப்படும் இப்பெயர் ஆந்திரத்துச் சித்தூரையும், பழைய கொச்சி அரசிலிருந்து இன்று பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ள சிற்றூரையும் குறிக்கலாம். இராஜபுதனத்துச் சித்தோரும் உரோமன் எழுத்தில் ஏறத்தாழ அவ்வாறே எழுதப்பட்டது. படைப்பிரிவு எதுவென அறியாமல் இவற்றுள் ஒன்றைத் தேர்தல் இயலாது.

மாவட்ட எல்லைகளின் மாற்றம் மற்றொரு தடை. முன்னாளில் படை நிலையமாகவும் விளங்கிய சித்தூர், 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. ஆகவே 1900இல் 'வட ஆர்க்காடு' என்றும் 1915இல் 'சித்தூர்' என்றும் பதிவான இரு சிப்பாய்கள் ஒரே ஊரினராக இருக்கலாம். மதனபள்ளியைச் சேர்ந்தவராயின் முன்னைய பதிவு 'கடப்பை' என்றிருக்கும். 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லைத் திருத்தத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. முதல் உலகப்போரில் 'சித்தூர் மாவட்டம்' எனப் பதிவான ஒருவரின் ஊர் இன்று சித்தூரிலோ திருப்பதியிலோ தமிழ்நாட்டிலோ இருக்கலாம். இன்றைய மாநில எல்லையை அன்றைய மொழி எல்லையாகக் கொள்வது தவறு.

பிறந்த ஊர் என்பதும் பூர்வீக ஊர் ஆகாது. மதராஸ் படையில் சிப்பாய்களின் குடும்பங்கள் பட்டாளத்தோடே குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்தன. சிப்பாய்களின் மகன்கள் சிறுவயதிலேயே படையில் பதிவு செய்யப்பட்டனர். திருப்பதிப் பகுதியை வேராகக் கொண்ட ஒருவர் பெங்களூரிலோ செகந்திராபாத்திலோ பர்மாவிலோ பிறந்திருக்க வாய்ப்புண்டு.

7. எண்ணும் தந்தை பெயரும்

இவ்வளவு ஐயங்களுக்கிடையே உறுதிதரும் சான்றுகள் மூன்று: படைப்பிரிவோடு இணைந்த சிப்பாய் எண், தந்தை பெயர், ஊர். எண் ஒவ்வொரு படைப்பிரிவுக்குள்ளும் தனித்தனியே வழங்கப்பட்டதால் பிரிவின் பெயரின்றி எண்ணுக்கு மட்டும் பயனில்லை. பிரிவும் எண்ணும் சேர்ந்தால் எழுத்துக்கூட்டல் எவ்வாறு மாறினும் ஆள் மாறமாட்டார். படைச்சேர்க்கைப் பதிவில் பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா, சாதி, வயது, உயரம், அங்க அடையாளம் ஆகியன குறிக்கப்பட்டன. பதக்கத்தின் விளிம்பில் பெறுபவரின் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டன. படத்தில் மார்பில் தெரியும் பதக்கம் ஒரு குடும்பத்தின் பெட்டியில் இருக்குமாயின் அதன் விளிம்பே சிறந்த சாட்சி. பதக்கப் பட்டியல்கள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. 1885–87 பர்மியப் போருக்கான பதக்கம் போராளிகளுக்கு வெள்ளியிலும், சுமையாளர், தண்ணீர் கொண்டுசெல்வோர் முதலிய உடன் சென்றோர்க்கு வெண்கலத்திலும் அளிக்கப்பட்டது. ஆகவே பட்டாளத்தில் இருந்ததாகக் குடும்பம் கூறும் முன்னோர் சிப்பாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தலைப்பெழுத்தை விரிப்பதில் நிதானம் வேண்டும். தமிழ் மரபில் அது தந்தை பெயரைக் குறிக்கும், தெலுங்கு மரபில் முன்னிற்பது வீட்டுப்பெயர், சிலரிடம் ஊர்ப்பெயர். இருமொழிப் பகுதியில் சான்றின்றி இதனை விரித்தல் ஊகமே.

ஒற்றைப் பெயர் மட்டும் உடைய ஒருவரும் ஆவணத்தின் துணையால் ஐயமின்றி நிலைபெற முடியும் என்பதற்குச் சுபேதார் சுப்பிரமணியன் சான்று. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவர் மதராஸ் சாப்பர்களில் பணியாற்றி, 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர் நீத்தார். ஜார்ஜ் சிலுவை விருது இவருக்கு வழங்கப்பட்டது. தென்னாட்டில் எண்ணற்றோர்க்கு உரிய பெயர் இது. எனினும் பிரிவும் பதவியும் நாளும் இடமும் இணைந்து நிற்பதால் வேறொருவராக மயங்க வழியில்லை.

இதற்கு மறுதலையாக அமைவது ஈராக்கில் 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச்சின்னம். மெசபொடோமியாவில் இறந்த பிரிட்டானியரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் இடம்பெற்றன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழ் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய வேற்றுமைகளைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அதே 2021இல், லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த முதல் உலகப்போர்க் காலப் பஞ்சாப் பதிவேடுகள் கணினிமயமாக்கப்பட்டன. ஏறத்தாழ 3,20,000 பேர் பற்றிய ஊர்வாரிக் குறிப்புகள் அவற்றில் உள்ளன. ஊரை அடிப்படையாகக் கொண்ட வரிசை ஒன்று இருக்குமாயின் பெயரின் எழுத்துக்கூட்டல் எவ்வளவு சிதைந்திருப்பினும் ஆளை மீட்க இயலும் என்பதை இப்பதிவேடுகள் காட்டுகின்றன. சென்னை மாகாணச் சிற்றூர்களில் காணப்படும் போர் நினைவுக் கல்வெட்டுகளோ எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மடிந்தனர் என்ற எண்ணிக்கையை மட்டுமே கூறி அமைகின்றன. ஆளற்ற எண்ணிக்கை கல்லிலும், ஊரற்ற பெயர் படத்திலும் தனித்தனியே நிற்கின்றன. இரண்டையும் இணைக்கவல்ல பாலம் சேர்க்கைப் பதிவும் பதக்கப் பட்டியலுமே.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் நெறிகள் வருமாறு. படக்குறிப்பில் உள்ள பெயரைத் தமிழில் தரும்போது மூல எழுத்துக்கூட்டலையும் எழுத்தெழுத்தாக உடன் தருதல் வேண்டும். பின்வருவோர் சரிபார்க்க அதுவே வழி. பதவி, பட்டம், விருது, இயற்பெயர் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். சுட்டுப்பெயர்களுக்கு மட்டும் மொழி கூறலாம்; பொதுப்பெயர்களுக்கு 'தமிழ் அல்லது தெலுங்கு' எனக் குறித்து நிறுத்துவதே நேர்மை. வகுப்பையும் மாவட்டத்தையும் அக்காலச் சொல்லிலேயே தந்து, இன்றைய பெயரைத் தனியே குறித்தல் வேண்டும். முகச்சாயலைக் கொண்டு முடிவு கூறலாகாது.

சித்தூரிலும் திருப்பதியிலும் இந்நெறிகளுக்குத் தனித்த முதன்மை உண்டு. அங்கே வேங்கடசாமி என்னும் சிப்பாயை 'தமிழர்' என எழுதினால் தெலுங்குக் குடும்பம் ஒன்று தன் முன்னோரை இழக்கும். 'தெலுங்கர்' என எழுதினால் தமிழ்க் குடும்பம் ஒன்று இழக்கும். அவரோ இரு மொழிகளிலும் அழைத்தால் திரும்பிப் பார்த்தவராக இருக்கக்கூடும். ஒருவரைத் தவறாக இனங்காண்பது அவரை அறியாதிருப்பதினும் கேடானது. பெயரறியாத முகத்திற்கு என்றேனும் பெயர் கிடைக்கலாம்; பிறர் பெயர் ஒட்டப்பட்ட முகத்தை யாரும் மீண்டும் தேடமாட்டார்.